காத்தாயிக்குப் பாதி டிக்கெட்

இருளப்பன் கஞ்சன் என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் சொல்லாத வாய் கிடையாது. அது அவருக்கும் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. மலையிலும் பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்றான மறுநாளே, குன்னூர் சந்தைக்குப் போகிற வேலையை மனைவி காத்தாயியின் தலையில் கட்டிவிட்டார். மூட்டு வலியோடு அவள் பை சுமந்து ஏறி வருவதைப் பார்த்த பக்கத்து வீட்டுத் தங்கவேலு, "ஏண்ணே, அக்காவ இப்பிடி அலைய விடுறீங்களே" என்று கேட்டார். "சும்மா கெடைக்கிறத யாராச்சும் விடுவாங்களா?" என்று சிரித்தார் இருளப்பன்.

பஸ்ஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

காத்தாயிக்கு உடன்பிறப்பு என்று இருந்தது ஒரே தங்கை, சுகுணா. சிலோனிலிருந்து கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இறங்கியதும் அதிகாரிகள் குடும்பம் குடும்பமாகப் பிரித்து அனுப்பினார்கள். அக்காள் குடும்பம் நீலகிரித் தேயிலைக்கு, தங்கை குடும்பம் கர்நாடகத்தில் மங்களூர்ப் பக்கம் சுள்ளியா ரப்பர் தோட்டத்துக்கு. அதற்கப்புறம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டது மூன்றே முறை. கடைசியாகப் பார்த்து பதினாறு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள்வார்கள், அழுதுகொள்வார்கள், அவ்வளவுதான்.

அந்த முகாமில்தான் இருளப்பன் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து ஒரு காரியம் செய்தார். வயது கேட்ட குமாஸ்தாவிடம் தனக்கும் மனைவிக்கும் ஆறாறு வருஷம் குறைத்துச் சொன்னார். தோட்டத்தில் ஆறு வருஷம் கூடுதலாக வேலை பார்க்கலாம் இல்லையா? லயத்தில் பாதிப் பேருக்கு இப்படிக் கார்டு வயது ஒன்று, உடம்பு வயது ஒன்று. அறுபது தாண்டியும் காத்தாயி கொழுந்துக் கூடையைத் தூக்கியது இந்த வகையில்தான்.

ரயிலில் வயதானவர்களுக்குச் சலுகை உண்டு, பெண்ணுக்கு ஐம்பத்தெட்டில் பாதிக் கட்டணம், ஆணுக்கு அறுபதில் நூற்றுக்கு நாற்பது தள்ளுபடி என்று யாரோ சொன்னதிலிருந்து இருளப்பன் அதைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சியப் பாக்கணும், கோச்சி ஏறுவமா?" என்று காத்தாயி கேட்கும்போதெல்லாம், "கார்டுல வயசு வரட்டும் புள்ள. முழுக் காசு குடுக்க நாம என்ன தொரையா?" என்பார். சிலோனில் ரயிலைக் கோச்சி என்பார்கள், அவள் அந்தச் சொல்லை விடவே இல்லை.

கார்டில் இரண்டு பேருக்கும் 2020 சித்திரையில் வயது வந்தது. அதற்கு முந்தின பங்குனியிலேயே கொரோனா வந்து சலுகையை நிறுத்திவிட்டார்கள்.

திரும்ப வரும் என்றார் இருளப்பன். ஒரு பட்ஜெட், அடுத்த பட்ஜெட், தேர்தல் என்று வருஷம் ஓடியது. சுகுணாவுக்கு மூச்சிரைப்பு என்று தகவல் வந்தது. "அவள ஒருக்கா கண்ணால பாத்துட்டா போதுங்க" என்று காத்தாயி கெஞ்சினாள். "இந்தத் தை போகட்டும், கட்டாயம் குடுப்பான்" என்றார் அவர். சும்மா சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

சில மாதமாகக் காத்தாயி கேட்பதை நிறுத்தியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனும் இல்லை. ரீசார்ஜ் காசு மிச்சம் என்று முதலில் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு பயம் வந்தது. அவள் சாப்பாடு குறைந்திருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஒரு நாள் காலையில் தலைவாரிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன மனுஷன் நான் என்று அவருக்கே தோன்றியது. அன்றைக்கே குன்னூர் ஸ்டேஷனுக்குப் போனார்.

கவுண்டரில் இருந்தவர் கார்டுகளை வாங்கிப் பார்த்தார்.

"கன்செஷன் இன்னும் வர்லீங்களா?" என்றார் இருளப்பன், பழக்க தோஷத்தில்.

"இல்லீங்க பெரியவரே. கீழ் பெர்த் வேணா கெடைக்கும். எத்தன வருசமா இதையே கேட்டுட்டு வர்றீங்க? ஊருக்குப் போறீங்களா, இல்ல வெலை விசாரிக்கறீங்களா?"

இருளப்பனுக்குச் சுருக்கென்றது. "முழுக் காசே எடுத்துக்கங்க. ரெண்டு டிக்கெட். கோயமுத்தூர்லருந்து மங்களூருக்கு, அடுத்த வெள்ளி."

டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்தபோது நெஞ்சு லேசானது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் என்று வெட்கமாகவும் இருந்தது. கடைவீதியில் சுகுணாவுக்கென்று அரைக்கிலோ வர்க்கி வாங்கினார். கடைக்காரரிடம் பேரம் பேசவில்லை.

காத்தாயி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் டிக்கெட்டை அவள் முன்னால் வைத்தார். "இந்தா, முழு டிக்கெட். ஒனக்குக் கீழ சீட்டு. வெள்ளிக்கெழம ஒந் தங்கச்சிகிட்டப் போறோம்."

அவள் டிக்கெட்டைத் தொடவில்லை.

"சுகுணா செத்து ஒம்பது மாசம் ஆச்சுங்க."

"யாரு சொன்னா?"

"அவ மகன் விஜயன் போன் பண்ணுனான். நீங்க தண்ணி புடிக்கப் போயிருந்தீங்க."

"அடிப்பாவி! எங்கிட்ட ஏன் சொல்லல?"

காத்தாயி கீரைக்காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. "சொல்லியிருந்தா, காரியத்துக்குப் போயிக்கலாம், அதுக்குள்ள சலுக வருதானு பாப்பம்னு சொல்லிருவீங்களோன்னு பயந்துட்டன். சொல்லாமயும் இருந்திருக்கலாம். ஆனா சொல்லிட்டீங்கன்னா, அப்பறம் ஒங்க கூட எப்பிடிக் குடும்பம் நடத்தறது? இந்த வயசுல எங்க போவேன்? அதான் சொல்லல."

இருளப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார். சொல்லியிருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வாயைத் திறந்தார். வரவில்லை. சொல்லியிருப்பார். அது அவருக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். ஒன்பது மாதம் இவள் இந்த அடுப்பு முன்னால் தனியாக அழுதிருக்கிறாள், நான் ரீசார்ஜ் காசை நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் பாழாய்ப்போன புத்தி, அந்த நேரத்திலும், வெள்ளிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கணக்குப் போட்டது. அவர் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

காத்தாயி அவர் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பார்த்த முகம். டிக்கெட்டை எடுத்து அவர் சட்டைப்பையிலேயே செருகினாள்.

"நாளைக்கே போயி குடுத்துருங்க. நாள் ஆக ஆக கூடப் புடிப்பானுங்க" என்றாள்.