பத்திரிகையில் குணமான சக்டன் அம்மாள்

என் மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. மேசை நாற்காலிகளை விற்றுவிட்டு, இங்கிலாந்தின் வடக்கே ஹெப்டன் பிரிட்ஜ் என்ற ஆலை ஊரில், மேட்டுத் தெருவில் ஓர் அறை பிடித்தேன். பக்கத்துப் பள்ளியில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கும் வேலை. வீட்டுக்காரர் கெசையா சக்டன், ஐம்பதைத் தாண்டிய விதவை. அறையைக் காட்டும்போதே சொன்னார்.

"தம்பி, பத்திரிகையில வர்ற சக்டன் அம்மா நான்தான். அப்புறமா தெரிஞ்சு முழிக்க வேண்டாம் பாருங்க, அதான் இப்பவே சொல்லிட்டேன்."

எனக்குத் தெரியாது. நான் பத்திரிகை படிப்பதை விட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவரே ஒன்றை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தை விரித்தார். டாக்டர் டன்ஸ்டரின் உயிர் மாத்திரைகள். நடுவில் சரிகைத் தொப்பி வைத்த ஒரு பெண்ணின் படம். கீழே அவர் சொன்னதாக நான்கு வரி: ஊரின் ஐந்து வைத்தியர்களும் கைவிட்ட என்னை இந்த மாத்திரைகள் எழுப்பி நிறுத்தின, தினமும் ஆறு சாப்பிடுகிறேன், இனி எந்த நோயும் என்னை அண்டாது, இது மாஜிஸ்திரேட் முன்னால் நான் செய்த சத்தியம்.

"நல்ல தொப்பி," என்றேன்.

"எங்கிட்ட அப்படி ஒரு தொப்பியே கெடையாது. அவங்களா வரைஞ்சுக்கிட்டாங்க."

நடந்தது இவ்வளவுதான். கணவர் இறந்த வருஷம் அவருக்கு வயிற்றில் ஒரு கனம். சாப்பாடு இறங்கவில்லை. அந்த மாத்திரை சாப்பிட்டார், வயிறு இளகியது, கனம் போனது. நன்றி சொல்லிக் கம்பெனிக்கு இரண்டு வரி எழுதிப் போட்டார். கம்பெனி ஆள் பின்னக் என்பவர் ரயிலில் பக்கத்து நகரமான ஹாலிஃபாக்ஸுக்கு அழைத்துப்போனார். பன்றித்தொடைக் கறியோடு தேநீர் வாங்கிக் கொடுத்தார். மாஜிஸ்திரேட் முன்னால் பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்துவிட்டார். அன்றிலிருந்து மாதம் ஒரு பெட்டி மாத்திரை இலவசமாக வந்துகொண்டிருந்தது.

தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். இருமல், மூட்டுவலி, குழந்தையின் சொறி, கணவனின் குடி. எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை, எண்ணிக்கைதான் வேறு. கொடுக்கும்போது பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அரசாங்க முத்திரையைத் தடவிக் காட்டுவார்.

"பாத்தியா, மகாராணியே பாத்து முத்திரை குத்தி அனுப்பியிருக்காங்க."

அது வரிக்கான முத்திரை. சீட்டுக்கட்டின் மேலும் ஒன்று உண்டு. நான் சொல்லவில்லை. அந்த நாட்களில் நான் எதையும் சொல்வதில்லை.

என் கவனத்தைத் திருப்பியது ஒரு புதன்கிழமை. அந்தத் தெருவில் திங்கட்கிழமைதான் துணி துவைப்பார்கள். வேறு நாளில் துவைத்தால் ஜன்னல் திரைகள் விலகும். புதன்கிழமை பள்ளி சீக்கிரம் விட்டது. கரி எடுக்க நிலவறைக்கு இறங்கினேன். விளக்கு வைக்காமல், மூலையில், கொடி கட்டித் துணி காய்ந்துகொண்டிருந்தது. மடித்துத் தைத்த வெள்ளைத் துணிகள். துவைத்தும் போகாத பழுப்பு ரத்தக் கறை. அந்தக் கறை எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் வயதுக்கு அது நின்றுபோயிருக்க வேண்டும். அப்படியானால் எங்கிருந்து?

பல மாதங்களில் எனக்குள் எழுந்த முதல் கேள்வி அது.

அதன் பிறகு பார்க்க ஆரம்பித்தேன். மாடிப்படியில் பாதியில் நின்று சுவரைத் துடைப்பதுபோல் பாவனை செய்தார். உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சாப்பாட்டு மேசையில் எனக்குப் பரிமாறிவிட்டுத் தான் ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளி வைத்தார். ஆறு மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கினார்.

ஒரு மாத்திரையை எடுத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். நொறுக்கி நாக்கில் வைத்தால் கசப்பு, கற்றாழைப் பால். மணம் சுக்கு. வெந்நீரில் போட்டுக் குலுக்கினால் நுரை. சோப்பு. அவ்வளவுதான் டாக்டர் டன்ஸ்டர். கற்றாழைப் பால் கொஞ்சமாகப் போனால் வயிறு இளகும். வருஷக்கணக்கில் தினம் ஆறு போனால் குடலை ரணமாக்கும்.

சனிக்கிழமை பிற்பகல் அடுப்படியில் அவரிடம் சொன்னேன். கற்றாழை, சுக்கு, சோப்பு.

"சோப்பா?" சிரித்தார். "அப்ப உள்ளயும் வெளுத்து விட்டிருக்காங்கன்னு சொல்லுங்க."

"அம்மா, ரத்தம் போகிறது. நிலவறையில் பார்த்தேன்."

சிரிப்பு நின்றது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, தம்பி."

"டாக்டரைப் பாருங்கள். இப்படியே போனால் உயிருக்கு ஆபத்து."

"எப்படிப் பாக்கறது? எந்த நோயும் அண்டாதுன்னு பைபிள்ல கை வெச்சிருக்கேன். டாக்டர் வண்டி வாசல்ல நின்னா அது பொய்ச் சத்தியம். ஜெயில்ல போடுவாங்க. பக்கத்து வீட்டுல யாரு இருக்கான்னு மறந்துட்டீங்களா?"

பக்கத்து வீட்டில் கான்ஸ்டபிள் மர்கட்ராய்ட் இருந்தார். அவரைவிட அவர் மனைவிக்குக் கண் கூர்மை.

"பொய்யென்றால் கம்பெனியைத்தானே பிடிக்க வேண்டும்?"

"கை வெச்சது கம்பெனியா, நானா?" என்றார். "ஜெயில் கூடப் போகட்டும். ஜெபக்கூடத்துல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காருவேன்? எத்தனை பேருக்குக் குடுத்திருக்கேன். அதுக்கு இப்படியே போயிடலாம்."

அவர் மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டு முடித்தவர் சொல்லும் குரல் அது. மனைவி போன பிறகு எனக்குள்ளேயே நான் கேட்டுப் பழகிய குரல்.

ஞாயிறு கழிந்ததும் டாக்டர் ஃபராரிடம் போனேன். முரட்டு மனிதர். பெயரைச் சொன்னதும் பேனாவைப் போட்டுவிட்டார்.

"எந்த சக்டன், அஞ்சு டாக்டரும் கைவிட்டாங்கன்னு வருதே, அதுவா? இந்த ஊர்ல இருக்கறதே நாங்க மூணு பேரு! மிச்ச ரெண்டு பேரு யாருன்னு நானும் மூணு வருஷமா தேடறேன்."

"வந்தால் அவரிடமே கேட்கலாம். ஆனால் நோயாளி அவர் என்று தெருவுக்குத் தெரியக் கூடாது."

"அப்ப யாரு நோயாளி?"

"நான்," என்றேன்.

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்புவாங்க," என்றார். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்.

சக்டன் அம்மாளைச் சம்மதிக்க வைக்க அன்று மாலை முழுதும் ஆனது. வண்டி எனக்காக நிற்கிறது, டாக்டர் என் அறைக்கு வருகிறார், நீங்கள் வெந்நீர் கொண்டுவருகிறீர்கள், கதவு சாத்துகிறது, அவ்வளவுதான் என்றேன். "சத்தியத்துக்குப் பங்கம் இல்லையே?" என்று பல தடவை கேட்டார். "இல்லை," என்றேன். எனக்கு உறுதியாகத் தெரியாது.

வியாழக்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் படுத்தேன். படுத்துக்கிடப்பதில் எனக்குச் சிரமமே இல்லை. ஆனால் ஒன்றை நாங்கள் யோசிக்கவில்லை. அந்தத் தெருவில் ஒருவன் படுத்தால் மற்றவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். இரண்டு மணிக்கே படிக்கட்டில் காலடிச் சத்தம். முதலில் கான்ஸ்டபிளின் மனைவி மார்த்தா மர்கட்ராய்ட் அம்மாள், கையில் மூடிய கிண்ணம். பின்னால் ஆலையில் கார்டுராய்த் துணி வெட்டும் அக்கா தங்கை இருவர், ஹன்னாவும் செலினாவும். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்கள், தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசு.

"வாத்தியாரே, என்ன இப்படிக் கெடக்கறீங்க? எலும்புச் சூப்பு. எந்திரிச்சுக் குடிங்க," என்றார் மர்கட்ராய்ட் அம்மாள்.

"பாவம், பொண்டாட்டி நெனப்புல உருகுது," என்றாள் ஹன்னா.

"நெனப்புக்குக் காய்ச்சல் வராதுடி. நாக்கை நீட்டச் சொல்லு," என்றாள் செலினா.

நாக்கை நீட்டினேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மூன்று நோய் சொன்னார்கள். சூப்பில் பாதி குடித்தேன். சக்டன் அம்மாள் கதவருகே, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏண்டி கெசையா," மர்கட்ராய்ட் அம்மாள் திரும்பினார், "அடுத்த ஊருக்காரனெல்லாம் உம் பேரைப் பாத்து மாத்திரை வாங்கறான். உன் வீட்டுக்குள்ளயே ஒருத்தன் இப்படிக் கெடக்கறான். குடுத்தியா இல்லயா?"

"இன்னும் இல்ல. டாக்டர் வராரு..."

"டாக்டரா? ஒன்னைக் கைவிட்ட அதே டாக்டரா? நல்லாருக்கே! எடு அந்தப் பெட்டிய."

மறுக்க வழி இல்லை. சக்டன் அம்மாள் பெட்டியைக் கொண்டுவந்தார். முத்திரையைக் கிழித்தார். உள்ளங்கையில் உருட்டினார்.

"ரெண்டு போதும்," என்றார்.

"இந்த நெலமைக்கு ரெண்டா? ஆறு குடு. ஒனக்கு ஆறுன்னா இவ்ளோ பெரிய ஆம்பளைக்கும் ஆறாவது வேண்டாமா?"

ஆறு மாத்திரையும் என் முகத்துக்கு முன்னால் வந்தன. அதில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஒரு தடவை விழுங்கினால் வயிறு கலக்கும், அவ்வளவுதான், வேஷம் கலையாது. யோசிக்கவே இல்லை. வாயைத் திறந்தேன்.

சக்டன் அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ தெரியாது. கையை மூடிக்கொண்டார்.

"மாட்டேன்."

"என்னடி மாட்டேன்?"

"குடுக்க மாட்டேன். இது என் குடலைக் கிழிக்குது, மார்த்தா. பெந்தெகொஸ்தே பண்டிகையில இருந்து ரத்தமா போகுது. இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. டாக்டர் எனக்குத்தான் வராரு." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "போ. போய் உன் புருஷனைக் கூட்டிட்டு வா. பொய்ச் சத்தியம் பண்ணினவ இங்கதான் இருக்கேன்னு சொல்லு."

கீழே தெருவில் பால் வண்டி போனது.

முதலில் வாய் திறந்தது செலினா. "அப்ப மாத்திரை ஒங்களுக்கும் கேக்கலயா, பெரியம்மா?"

"ஒங்களுக்குமா?" என்று ஹன்னா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நீ நல்லாருக்குன்னு சொன்னியேடி!"

"நீயும்தான் சொன்ன. எனக்கு மட்டும்தான் கேக்கலயோன்னு வெக்கமா இருந்துச்சு. ஆலையிலேர்ந்து கக்கூஸுக்கு ஓடி ஓடி மேஸ்திரி ஏச்சு வேற."

மர்கட்ராய்ட் அம்மாள் கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்தார். ஒரு பெரிய மூச்சு விட்டார்.

"எங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா சாப்பிடறாரு," என்றார். "ரோந்து போற வழியில எந்தெந்த வீட்டுல கக்கூஸு கதவு தொறந்திருக்கும்னு அவருக்கு மனப்பாடம். கெசையாவுக்குக் கேக்குது, ஒங்களுக்குக் கேக்கலன்னா ஒங்க ஒடம்புலதான் கோளாறுன்னு நாந்தான் திட்டுவேன்."

"ஜெயிலு?" என்று கேட்டார் சக்டன் அம்மாள். குரல் சின்னதாகிவிட்டது.

"சத்தியம் பலிக்கலன்னா உள்ள போடணும்னா எம் புருஷனைத்தான் மொதல்ல போடணும். கல்யாணத்தன்னிக்கு பாதிரியார் முன்னால என்னென்ன சொன்னான் தெரியுமா? அன்னிக்கு ஒனக்கு நல்லாருந்துச்சு, சொன்ன. இன்னிக்கு நல்லா இல்ல. நோவு வந்தா அது ஒரு குத்தமாடி?"

"ஜெபக்கூடத்துல..."

"ஜெபக்கூடத்துல பாதிப் பேரு இதைத்தான் முழுங்கிட்டு உக்காந்திருக்கான். பிரசங்கம் முடியறதுக்குள்ள எதுக்கு நெளியறான்னு நெனச்ச?"

செலினா சிரித்துவிட்டாள். ஹன்னாவும். சக்டன் அம்மாள் சிரிக்கவில்லை, ஏப்ரனால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மர்கட்ராய்ட் அம்மாள் அவர் கையை விரித்து, மாத்திரைகளை எடுத்து, தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. டாக்டர் ஃபரார் மாடி ஏறி, கதவைத் திறந்து, நான்கு பெண்களைப் பார்த்து நின்றார். ரகசியமாக வரச் சொன்ன இடத்தில் கூட்டம்.

"இதுல யாரு?" என்றார் என்னைப் பார்த்து.

"நான்தாங்க," என்று சக்டன் அம்மாள் எழுந்தார்.

அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு மற்றவர்கள் அடுப்படிக்கு இறங்கினார்கள். போர்வையைப் போர்த்திக்கொண்டு நானும் போனேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. மேலே டாக்டரின் குரல் கேட்டது, சக்டன் அம்மாளின் குரல் கேட்கவில்லை. நேரம் ஆகிக்கொண்டே போனது. ஹன்னா ஓட்ஸ் ரொட்டியை எடுத்துப் பிய்த்தாள், யாரும் சாப்பிடவில்லை. மாடியில் ஒரு நாற்காலி நகர்ந்தபோது நான்கு பேரும் கூரையைப் பார்த்தோம். என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் எனக்கு. அது பசி போல இருந்தது.

டாக்டர் இறங்கிவந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு, "அந்த ரெண்டு டாக்டர் பேரு அவங்களுக்கும் தெரியாதாம்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சக்டன் அம்மாள் பின்னால் மெதுவாக இறங்கினார்.

"என்ன சொன்னாருடி?" என்று கேட்டார் மர்கட்ராய்ட் அம்மாள்.

"மாத்திரைய விடணுமாம். படுத்து ரெஸ்ட் எடுக்கணுமாம். ஈரல், முட்டை, பாலு. மாசக் கடைசியில வந்து பாப்பாராம்."

"விட்டா நின்னுடுமா?"

"நிக்கலாங்கறாரு. அமுக்கிப் பாத்தாரு, கட்டி எதுவும் தட்டுப்படலயாம். ஆனா சத்தியமா நிக்கும்னு சொல்லுங்கன்னேன், அதெல்லாம் நான் பண்றதில்லன்னுட்டாரு."

"மருந்து?"

"அதான் பயமா இருக்கு." நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "ஒண்ணுமே குடுக்கல, மார்த்தா. ஒரு சொட்டுத் தண்ணி மருந்துகூடக் குடுக்கல. இவரு நெஜமாவே டாக்டர்தானா?"

இதைப் பற்றி மூன்று பேருக்கும் கருத்து இருந்தது. நான் போர்வையைக் கழற்றிவிட்டுக் கோட்டை மாட்டினேன்.

"ஈரல் எந்தக் கடையில் நன்றாக இருக்கும்?" என்று கேட்டேன்.

மர்கட்ராய்ட் அம்மாள் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "அப்ப நெஜமாவே ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமே இல்லயா?"

"காய்ச்சல் இல்லை."

"அட கள்ளப்பயலே! எஞ் சூப்பைத் திருப்பிக் குடு."

"பாதி குடித்துவிட்டேன்."

"மீதியக் குடிச்சுட்டுப் போ. பாலத்துக்கிட்ட இருக்கறவன்கிட்ட வாங்காத, அவன் முந்தாநாள் ஈரலை இன்னிக்கு வெட்டினதும்பான். மேல சந்துக்காரன்கிட்டப் போ. கெசையாவுக்குன்னு சொல்லு."

"சொல்லலாமா?" என்று சக்டன் அம்மாளைக் கேட்டேன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க," என்றார். "ஒடம்பு சரியில்லன்னு சொல்லுங்க."