போகுமுன்

நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் தன் புதுவீடு எழும்புகிறது, வந்து பாருங்கோ என்று மச்சான் சீமோன் கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் வீடுமில்லை, வேலியுமில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி. நடுவில் நாலைந்து பேர் குந்தியிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் இந்த நாட்டுக்கு வரமுன்னம் அதில் பூர்வகுடிகளின் ஊர் ஒன்று இருந்ததாம். அதைத் தோண்டி முடிக்கும்வரை வீட்டு வேலை நிற்குமாம். சீமோன் பல்லைக் கடித்துக்கொண்டு காரிலேயே இருந்துவிட்டான்.

எனக்கும் மனைவி வேரோனிக்காவுக்கும் ஊரைச் சுற்றிக்காட்டியது அங்கே தோண்டிய ஒரு பெட்டை. ஊர் என்றால் என்ன, மண்ணில் வட்டவட்டமாகக் கறுப்புத் தழும்புகள். வீட்டுக் கம்புகள் உக்கிய இடங்கள். வேரோனிக்காவுக்கு இங்கிலிஸ் அவ்வளவாக ஓடாது. நான்தான் தமிழில் சொன்னேன்; அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இருபது முப்பது வருசத்தில் மண் களைத்துவிடும், முழு ஊரும் வேறிடம் போய்விடும் என்றாள் பெட்டை. சொன்னேன். போகுமுன் செத்தவர்களைத் தோண்டியெடுத்து, எலும்பைத் துடைத்து, எல்லோரையும் ஒரே குழியில் வைத்து அழுதுவிட்டுத்தான் போவார்கள் என்றாள். அதை நான் சொல்லவில்லை.

எங்கள் மகள் மூன்று வயதில் காய்ச்சலில் போனவள். பாசையூர்ச் சேமக்காலையில் புதைத்தோம். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிடுங்கோ என்று ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, மரித்தோர் திருநாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது. வேரோனிக்கா மெழுகுதிரி வாங்கி வைத்திருந்தாள். பிள்ளைக்குக் கொளுத்திவிட்டு ஓடிவருகிறேன் என்று கெஞ்சினாள். கல்லறை எங்கேயும் ஓடிப்போகாது, ரெண்டு நாளில் திரும்பிவிடுவோம் என்று ஏசிச் சைக்கிளில் ஏற்றினேன். திரும்பவேயில்லை. இங்கே வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் அந்த மெழுகுதிரிப் பெட்டி மூன்று வருசமாக உடைக்காமல் கிடக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு என் மீதே வெறுப்பு வரும்.

"என்னத்தை விட்டனீங்கள்?" என்று வேரோனிக்கா கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

"எலும்பெண்டு சொன்னவள். அது எனக்கு விளங்கினது. அழுது முடிக்க எத்தினை நாள் எடுக்குமாம்? கேளுங்கோ."

கேட்டேன். பத்து நாள் என்று பழைய குறிப்புகளில் இருக்கிறதாம். இந்த முறை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

வேரோனிக்கா அந்தத் தழும்புகளில் கால் படாமல் விலகி நின்றாள். அழவில்லை.

"நான் உங்களிட்டப் பத்து நிமிசம்தான் கேட்டனான்" என்றாள்.