வகுப்புக்குப் பொதுவான கை

இளையவளின் இடது கை வகுப்புக்கே பொது. சுகாதாரப் பணியாளராகப் பழக வந்த பெண்களில் அவள் ஒருத்திதான் கர்ப்பிணி. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டாம் என்று நர்ஸ் அவளை நாற்காலியில் உட்கார்த்திவிட்டார். சும்மா கிடந்த கையில் ஆளாளுக்கு ரத்த அழுத்தம் பார்த்துப் பழகினார்கள். கையில் கட்டிய பட்டையில் காற்றடித்து இறக்கும்போது, முள் எந்த எண்ணில் நிற்கையில் நாடிச் சத்தம் முதலில் கேட்கிறதோ அதுதான் அளவு. முதல் நாள் நர்ஸே பார்த்து நூற்றிருபது என்றார். அன்றிலிருந்து அந்தக் கைக்கு விடை நூற்றிருபது. வேறு எண் சொன்னவள் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும்.

அதிகம் கட்டியவள் மூத்தவள், இளையவளின் ஓரகத்தி. இருவரும் ஒரே வீட்டிலிருந்து சேர்ந்து வந்தவர்கள்.

"நூத்தி அம்பதுலயே சத்தம் கேக்குது சிஸ்டர்."

"ஏன்க்கா, ரெண்டு பேருக்கும் ஒரே மாமியார்தானே? எனக்கு மட்டும் எதுக்கு ஏறணும்?" என்றாள் இளையவள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"பட்டையை இறுக்கிக் கட்டத் தெரியல. அவிழ்த்துக் கட்டு" என்றார் நர்ஸ்.

அவிழ்த்துக் கட்டினாள். பிறகு ஒரு நாள், முள் நூற்றிருபதுக்கு இறங்கும்வரை காதில் விழுவதை ஒதுக்கிவிடப் பழகினாள். அது ஒன்றும் கடினமாக இல்லை. கேட்கக்கூடாது என்று மனம் முடிவு செய்துவிட்டால் காது என்ன செய்யும், பாவம். அன்று முதல் அவளை யாரும் கேலி செய்யவில்லை.

தேர்வு நடத்த வெளியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். அவருடைய ஸ்டெதஸ்கோப்பில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கலாம். ஒரு ஜோடிக் குழாயை மூத்தவளின் காதில் மாட்டச் சொல்லி, இன்னொன்றைத் தானே மாட்டிக்கொண்டார். மூத்தவள் பட்டையைக் கட்டி, காற்றடித்து, மெல்ல இறக்கினாள்.

"எங்க கேட்டுச்சு?"

"நூத்தி இருபதுல மேடம்."

டாக்டரம்மா தானே மறுபடி காற்றடித்தார். முள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கை அவ்வளவுதான் மேடம். எல்லாருக்கும் மனப்பாடம்" என்று நர்ஸ் சுவரோரமிருந்து சிரித்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. குழாயைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை. நர்ஸின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது.

"தலைவலி இருக்காம்மா?"

"ரெண்டு மூணு நாளா. பரீட்சை பயம்னு நெனச்சேன்."

"மூஞ்சி வீங்கியிருக்கே?"

"தூக்கம் போதல மேடம்."

"கண்ணு முன்னாடி ஏதாச்சும் மினுக்குதா?"

இளையவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. காலையில் பஸ்ஸில் மூத்தவளுக்கு அவள்தான் பாடம் ஒப்பித்துக் காட்டியிருந்தாள்: தலைவலி, முகவீக்கம், கண்ணில் மினுமினுப்பு. கர்ப்பிணிக்கு இவை வந்தால் ஒரு நிமிடமும் வீட்டில் வைக்காதே. தாயும் பிழைக்கமாட்டாள், பிள்ளையும் பிழைக்காது.

"அக்கா," என்றாள் மெதுவாக, "அது நான்தானா?"

மூத்தவளின் காதில் குழாய் இன்னும் மாட்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு விரைந்த வண்டியில் டாக்டரம்மா இளையவளுக்கு ஊசி போட்டுக்கொண்டே, "பிபி பாரு" என்றார். மூத்தவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். மூத்தவள் பட்டையைக் கட்டினாள். வண்டியின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்த அடி, கதவைத் தட்டுவதுபோல் கேட்டது.

"நூத்தி எழுபது."

யாரும் திருப்பிக் கட்டச் சொல்லவில்லை. நர்ஸ் அதை அப்படியே ஃபோனில் ஆஸ்பத்திரிக்குச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசல் திரும்பும்போது இளையவளின் உடம்பு விறைத்து, பல் கிட்டி, வெட்டி வெட்டி இழுத்தது.

பிள்ளையை அறுத்து எடுத்தார்கள். குறை மாதத்துப் பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இளையவள் இன்னும் கண் திறக்கவில்லை. திறப்பாளா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

மாமியார் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு, சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டியபடி நின்ற மூத்தவளைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் இதைத்தானே படிக்கப் போனீங்க?"