லைசென்ஸ் இல்லாத பெயர்கள்

ரமணியின் இடது கட்டைவிரல் கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருந்தது. திரையில் ஆங்கில எழுத்துகள் கட்டம் கட்டமாக நின்றன. வேண்டிய எழுத்தின் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தி, வலது கட்டைவிரலால் ஒரு தட்டு. பிறகு அடுத்த எழுத்து. ஒரு ஆட்டக்காரனின் பெயரை முடித்தால் அடுத்தவன் வந்து நிற்பான். ஒரு குழுவை முடித்தால் இன்னொரு குழு. வலிக்கு இரண்டு கட்டைவிரலிலும் கோயோ பிளாஸ்திரி சுற்றியிருந்தாள். அதன் கற்பூர வாடை வீடியோ கேம் கடையின் பின்னறை முழுக்க அடித்தது.

இன்றைக்கு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மற்ற நாளாக இருந்தால் கடை முதலாளி தியாகராசா இதற்குள் திரைச்சீலையை விலக்கித் தலையை நீட்டி, "முடிஞ்சுதா பிள்ளை?" என்று கேட்டிருப்பார். இன்று காலையிலிருந்து மனுஷன் இந்தப் பக்கமே வரவில்லை. முக்காலியில் ஏறி நின்று முன்பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஸ்டேஷன் கட்டத் தோண்டிய நாளிலிருந்து அந்தக் கண்ணாடியில் படிந்த மண்ணை அவர் ஒரு நாளும் சட்டை செய்ததில்லை. மூலையில் துணிப் பதாகை ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கள்ள சிடி அடுக்கியிருந்த பெட்டிகளை முந்தாநாளே வேனில் ஏற்றி எங்கோ அனுப்பிவிட்டார். புதிதாகப் பெயர் போட ஒரு மெமரி கார்டும் அவளிடம் வரவில்லை.

திரையில் இருந்த அந்தப் பந்தாட்ட கேமைச் செய்தவர்கள் எந்த ஆட்டக்காரனின் பெயரையும் காசு கொடுத்து வாங்கவில்லை. அதனால் உலகமே அறிந்தவனெல்லாம் அதில் ஊர் பேர் தெரியாதவனாக ஓடினான். முகச்சாயல் இருக்கும், முதுகில் அதே எண் இருக்கும், பெயர் மட்டும் கோணலாக இருக்கும். ஃபெராண்டி என்ற பெரிய ஆட்டக்காரன் அதில் பராண்டோவாகக் கோல் போட்டான். ஆனால் ஒரு புண்ணியம் செய்திருந்தார்கள். வேண்டியவன் பெயரை மாற்றிக்கொள்ள வழி விட்டிருந்தார்கள். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, பராண்டோவை ஃபெராண்டியாக்கி மெமரி கார்டில் ஏற்றிக் கொடுப்பதுதான் ரமணியின் பிழைப்பு.

அதற்கு முன்னால் அவள் சுங்கைவே பேக்டரியில் சர்க்யூட் பலகைக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். நாட்டில் பொருளாதாரம் படுத்தபோது அந்த லைனையே மூடிவிட்டார்கள். அவள் புருஷன் ரெங்கசாமி துறைமுகத்தில் மூட்டை சரிந்து கால் ஒடிந்து, கிள்ளான் பிளாட்டில் காலை நீட்டியபடி டிவி பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. கொமுட்டர் ரயிலேறி வந்து பிரிக்பீல்ட்ஸில் கடை கடையாக வேலை கேட்டாள். தியாகராசா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பந்தாட்டம் தெரியுமா பிள்ளை?" என்றார்.

"தெரியாது பாஸ். ஆனா வெரலு வேகமா ஓடும்."

"அது போதும்" என்று கொன்ட்ரோலரை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

வேலை நன்றாகத்தான் ஓடியது. அதை இன்னும் நன்றாக ஓடவைத்தவர் அய்யாவு. கம்போங் மேடான் மலிவு விலை பிளாட்டில் குடியிருப்பவர்; குப்பை லோரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் லொங்காங் சாக்கடை ஓரத்துப் பாடாங்குத் திடலில் தன் கூட்டத்தோடு பந்தாடுவார். ஒருநாள் கடைக்கு வந்தவர் அவள் பெயர் மாற்றுவதை ரொம்ப நேரம் நின்று பார்த்தார்.

"ஏங்கா, யாரோ வெள்ளக்காரன் பேரையெல்லாம் இவ்ளோ கஷ்டப்பட்டுப் போடுறீங்க. எங்க பேரப் போட முடியாதா?"

ரமணிக்கு அப்படி ஒரு யோசனை வந்ததேயில்லை. "போடலாண்ணே. ஏன் முடியாது?"

அடுத்த நாள் கூட்டமே வந்து நின்றது. அவள் தனக்குத் தெரிந்த முறையில், அடையாளக் கார்டில் இருப்பதுபோலவே அடித்தாள். முதலில் பெயர், அப்புறம் இன்னாரின் மகன் என்பதற்கு ஏ/எல், அப்புறம் அப்பன் பெயர். பேக்டரியில் பஞ்ச் கார்டில்கூட அப்படித்தானே இருக்கும்! அந்தப் பெட்டிக்குள் அத்தனை எழுத்துக்கு இடமில்லை என்பது ஆட்டத்தைப் போட்ட பிறகுதான் தெரிந்தது. நாகையா ஏ/எல், அய்யாவு ஏ/எல் என்று எல்லாரும் மகன்களாக ஓடினார்கள். ஒருவனுக்கும் அப்பன் இல்லை.

அய்யாவு சிரித்த சிரிப்பில் கல்லாமேசையைப் பிடித்துக்கொண்டார். "அப்பனெல்லாம் எங்கக்கா போயிட்டானுங்க?"

"எடம் பத்தலண்ணே. இருங்க, அழிச்சிட்டு வெறும் பேரா போடுறேன்."

"விடுங்கக்கா, அப்படியே இருக்கட்டும். அப்பனுங்க பாடாங்குக்கு வந்தா திட்டுறதத் தவிர வேற என்னா செஞ்சானுங்க?"

ஜெர்சிக்குப் பச்சையும் மஞ்சளும் போட்டாள். தோல் நிறம் தேர்ந்தெடுக்கிற இடம் வந்தபோது கடையே ரணகளமானது. இருப்பதிலேயே கறுப்பு யாருக்கு என்றதும் எல்லாக் கையும் தம்புசாமிப் பக்கம் நீண்டது. "டேய், நான் செவப்புடா! வெயில்ல நின்னு இப்படி ஆயிட்டேன்!" என்று அவன் கத்தினான். அன்றைக்கு ஐரோப்பாவின் பெரிய குழு ஒன்றைக் கம்போங் மேடான் வென்றது. திரையில் தன் பெயர் வந்ததும் நாகையா நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

விஷயம் பரவியது. செந்தூலிலிருந்து வந்தார்கள், கிள்ளானிலிருந்து வந்தார்கள். "உங்கள் குழு, உங்கள் பெயர்" என்று தியாகராசா தன் கையாலேயே அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டார். ரமணியின் மேசையில் கார்டுகள் குவிந்தன. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை நாடா ஒட்டி ஊர்ப் பெயரை எழுதி வைத்தாள். கம்போங் மேடான் கார்டும் இப்போது அந்தக் குவியலில்தான் கிடந்தது. புதிதாக ஒரு கோல்கீப்பரைச் சேர்க்கச் சொல்லி அய்யாவு விட்டுப் போயிருந்தார்.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தியாகராசா முக்காலியிலிருந்து குதிக்காத குறையாக இறங்கினார்.

வந்தவள் பெயர் மீனலோசனி. கேம் கம்பெனியின் விற்பனை அதிகாரி. சிரித்த முகம், மடிப்புக் கலையாத சேலை. கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்னறைக்கு வந்தாள். வாசலில் தொங்கிய அட்டை இப்போது அவள் கையில் இருந்தது.

"நீங்கதான் பேரு போட்டதா? வெரி நீட். எங்க ஆளுங்ககூட இவ்ளோ கரெக்டா போட மாட்டாங்க."

ரமணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தேங்க்யூ மேடம்."

"ஆனா எல்லாத்தையும் கிளியர் பண்ணணும்." குரல் கொஞ்சமும் மாறவில்லை. "எங்க புது கேம்ல எல்லா பிளேயருக்கும் சொந்தப் பேரே இருக்கு. கிளப்பு, ஜெர்சி எல்லாத்துக்கும் கம்பெனி லைசென்ஸ் வாங்கிருக்கு. இனிமே இந்தக் கடை எங்க அங்கீகாரம் வாங்குன கடை. லைசென்ஸ் இல்லாம வேற யாரும் அந்தப் பேரப் போட்டா தப்பு. தெரியும்ல?"

ரமணிக்குத் தெரியாது. பெயர் என்றால் பெயர், பத்திரிகையிலேயே போடுகிறானே என்றுதான் நினைத்திருந்தாள். தியாகராசாவைப் பார்த்தாள். அவர் சுவரில் எதையோ தேடுவதுபோல நின்றார்.

"பாஸ், அப்ப என் வேலை?"

"பாப்பம் பிள்ளை. முதல்ல இத முடி."

உட்கார்ந்து அழிக்கத் தொடங்கினாள். கார்டைச் செருகினால் திரை கேட்கும், அழிக்கவா என்று. ஆம் என்றால் ஒரு தட்டு. பார்த்துப் பார்த்து அடித்த பெயரெல்லாம் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் போயின. மீனலோசனி பின்னால் நின்றுகொண்டே கைத்தொலைபேசியில் யாரிடமோ பேசினாள். ரமணியின் கால் நாற்காலிக்கு அடியில் ஆடியது, நிறுத்தவே முடியவில்லை. செந்தூல் போனது, கிள்ளான் போனது. கம்போங் மேடான் கார்டு கைக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"மேடம், இதுல வெளிநாட்டுப் பேரு ஒண்ணும் இல்ல. இவங்க இங்க இருக்குற ஆளுங்க. குப்ப லோரி, பசாருன்னு வேலை செய்றவங்க. இவங்க பேருக்கு யாரும் லைசென்ஸ் வாங்கலயே?"

மீனலோசனி குனிந்து திரையைப் பார்த்தாள். அய்யாவு ஏ/எல் பச்சை மஞ்சள் ஜெர்சியில் இடுப்பில் கை வைத்து நின்றார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சோ கியூட். ஆனா அதுதான் சிஸ்டர் பிரச்சினை. இவங்க பேரை யாரும் வாங்கல. வாங்குனாதானே லைசென்ஸ் வரும்? லைசென்ஸ் இல்லாதது எதுவும் கடையில இருக்கக்கூடாது. ரூல் அப்படி."

"கார்டே அவங்களோடதுதான் மேடம். விட்டுட்டுப் போயிருக்காங்க."

"கார்டை அவங்களே வச்சிக்கட்டும். உள்ள இருக்குறதத்தான் அழிக்கச் சொல்றேன்."

"பாஸ்..." என்றாள் ரமணி.

தியாகராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அழிச்சிடு பிள்ளை. கையெழுத்துப் போட்டாச்சு."

கொன்ட்ரோலரைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. கிள்ளானில் நீட்டிக் கிடக்கும் கால் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள்.

புது கேம் மறுநாள் வந்தது. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் ரமணி அதை நோண்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு பட்டியலாகத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எங்காவது ஒரு மூலையில் பெயர் மாற்றுகிற இடம் இருக்காதா? ஒரு கேம் செய்தவன் அதைக்கூடவா வைக்காமல் விட்டிருப்பான்? கடைசியில் ஒன்று அகப்பட்டதும் முன்னால் ஓடினாள்.

"பாஸ், இதுலயும் மாத்தலாம்! பேரு மாத்த விடல. ஆனா பூட்ஸு கலரு மாத்தலாம், முடி மாத்தலாம். ஆளுங்க கேட்டா நான் மாத்திக் குடுக்குறேன் பாஸ்."

தியாகராசா பெட்டி பிரிப்பதை நிறுத்தினார். "பூட்ஸு கலர அவனவன் வீட்டுலயே மாத்திப்பான்லா பிள்ளை. அதுக்கு யாராச்சும் கடைக்கு வருவானா?"

"வேற எதாச்சும் செய்றேன் பாஸ். கடை கூட்டுறேன்."

"சனிக்கிழமை மட்டும் வா. தொடக்க விழாவுக்கு ஆள் வேணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அதோட போதும். வேற கடையில சொல்லி வைக்கிறேன்" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னார்.

சனிக்கிழமை கடை வாசலில் பலூன் கட்டியிருந்தது. மைக்கில் மீனலோசனியின் குரல். ரமணியிடம் கம்பெனி ஜெர்சி ஒன்றைக் கொடுத்து, சுடிதாருக்கு மேலேயே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சாயங்காலம் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், அசல் சாமான், அழுக்குப் படக்கூடாது. முதுகில் ஃபெராண்டி என்று பெரிதாக எழுதியிருந்தது. எத்தனை கார்டில் அந்தப் பெயரை அடித்திருப்பாள்! இப்போது வெயிலில் நடைபாதையில் நின்று, போகிறவர் வருகிறவர் கையில் விளம்பரத் தாளைத் திணித்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடந்தாள். அய்யாவு இன்றைக்கு வரக்கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது.

வந்தார். தோய்த்த சட்டை, வாரிய தலை. கூடவே மனைவி சீதாலெட்சுமி, தலை நிறையப் பூவோடு.

"அக்கா! இவளைக் கூட்டிட்டு வந்துட்டேன். டிவியில எம் பேரு வருதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறா. இந்த வயசுல எனக்கு எதுக்குப் பந்தாட்டம்னு கேக்குறா. கொஞ்சம் போட்டுக் காட்டுங்கக்கா."

"பேரு வருமாம், எகிறிக் குதிச்சிக் கோலு வேற போடுவாராம்" என்றாள் சீதாலெட்சுமி. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாலும் கண்ணில் ஆசை இருந்தது. "வாசப்படி ஏறவே மூச்சு வாங்குது இவருக்கு."

ரமணி கையிலிருந்த தாள்களை அடுக்கினாள். "அண்ணே, இப்ப கேமு மாத்திட்டாங்கண்ணே. புதுசு. அதுல நம்ம பேரு போட முடியாது."

"ஏன் முடியாது? நேத்து வரைக்கும் போட்டீங்க?"

அதற்குள் தியாகராசா வெளியே வந்துவிட்டார். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்த கார்டை அய்யாவு கையில் வைத்தார். கம்போங் மேடான் என்று ரமணி எழுதிய வெள்ளை நாடா அப்படியே இருந்தது. "இந்தாப்பா ஒங்க கார்டு. இன்னிக்கு உள்ள கூட்டம். பழைய கேமெல்லாம் இனிமே போடுறதில்ல." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அய்யாவு கார்டைப் புரட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது. "அதுக்கென்ன! நாகையா வீட்டுல பழைய கேமு இருக்கு. அங்க போட்டுக் காட்டுறேன், வா. நல்லவேளை, கார்டைப் பத்திரமா வச்சிருந்தீங்கக்கா." கார்டைச் சட்டைப் பையில் போட்டு, வெளியிலிருந்தே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அண்ணே, நில்லுங்க" என்றாள் ரமணி. காகிதக் கட்டுக்கு அடியில் இடது கட்டைவிரல் தானாக எதையோ அழுத்தி அழுத்தி எடுத்தது. "அந்தக் கார்டுல..."

"ஃபெராண்டி!" என்று மைக்கில் குரல் வந்தது. மீனலோசனிக்கு அவள் பெயர் தெரியாது. முதுகைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஹலோ ஃபெராண்டி, உங்களத்தான்! உள்ள பேப்பர் முடிஞ்சிருச்சு, கொண்டு வாங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அய்யாவும் சிரித்தார். "போங்க ஃபெராண்டி, கூப்புடுறாங்க" என்றார்.

ரமணி உள்ளே திரும்பினாள். மறுபடி வெளியே பார்த்தபோது புருஷனும் பெண்டாட்டியும் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். சீதாலெட்சுமி எதையோ கேட்டபடி நடந்தாள். அய்யாவு ஒரு கையால் வண்டிகளை நிறுத்தச் சொல்லிக்கொண்டு, மறு கையால் கார்டு விழுந்துவிடாமல் சட்டைப் பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு போனார்.