பொன்கோட்டுக் கல்வாழை

செடிக்குப் பெயர் கேட்கப் போய்த்தான் அந்தச் செய்தி அவளுக்குக் கிடைத்தது.

தெருவில் அவளைப் பதியம் அக்கா என்பார்கள். யார் வீட்டு வாசலில் எது செழித்தாலும் அதன் முதல் துண்டு அவள் கையிலிருந்து போனதாக இருக்கும். வேலை ஆஸ்பத்திரியில். அறுவைக் கருவிகளைக் கழுவி நீராவிப் பெட்டியில் வைத்து எடுப்பாள். மிச்ச நேரமெல்லாம் பின்கட்டுத் தோட்டம்தான். அங்கே ஒரு கல்வாழையின் இலைகளில் மஞ்சள் கோடுகள் விழுந்தன, நடு நரம்பிலிருந்து விளிம்பை நோக்கித் தூரிகையால் இழுத்த மாதிரி. வெறும் பச்சைச் செடி தானாகவே புது ரகமாகிவிட்டதென்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பொன்கோடு என்று பெயர் வைத்தாள். கிழங்கைப் பிளந்து கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். கேட்காதவர்களையும் விடவில்லை.

ஏற்கெனவே இதற்கு ஒரு பெயர் இருக்குமோ என்ற சந்தேகத்தில், செடிகளை அடையாளம் சொல்லும் கைபேசிக் குழு ஒன்றில் படம் போட்டாள். "ஆஹா", "எனக்கொரு துண்டு" என்று பலரும் எழுதினார்கள். கடைசியாகப் பயிர்நோய் ஆய்வாளர் ஒருவர் எழுதினார்: "இது ரகம் இல்லை அம்மா, வைரஸ் நோய். மருந்து கிடையாது. தோண்டி எரித்துவிடுங்கள். வெட்டிய கத்தியை வேறு செடியில் வைக்காதீர்கள்."

அவள் நம்பவில்லை. ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். இயல்பாகவே கோடு போட்ட கல்வாழை என்றால் ஒவ்வோர் இலையிலும் கோடு நரம்போடு நரம்பாக, அறுபடாமல் விளிம்புவரை ஓடும். இதில் கோடுகள் விட்டுவிட்டுக் கிடந்தன. அடி இலைகளில் மஞ்சள் முற்றிப் பழுப்பாகிக் காய்ந்திருந்தது. குருத்து விரியத் தெரியாமல் முறுக்கிக்கொண்டு நின்றது. வைரஸ் வாழ்வது செடியின் சாற்றில். சாறு போகிற இடமெல்லாம் அதுவும் போகும், இலைக்கும் தண்டுக்கும் கிழங்குக்கும். கத்தியில் ஒட்டிய ஈரம் போதும் அடுத்த செடிக்குத் தாவ. பகலெல்லாம் கத்திகளை நீராவியில் வைத்து எடுக்கிறவள், தோட்டத்துக் கத்தியை மட்டும் உடுத்த துணியில் துடைத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருந்தாள்.

தன் செடிகளைத் தோண்டி எரித்துவிட்டு, கொடுத்த வீடுகளுக்குக் கிளம்பினாள்.

"குடுத்ததைத் திருப்பி வாங்க இப்படி ஒரு வழியா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "தெருவுல எல்லார்கிட்டயும் இருக்குன்னு உனக்கு வயித்தெரிச்சல்."

"வயித்தெரிச்சல்னா என்னோடதை ஏண்ணே எரிக்கிறேன்?"

"எரிச்சியோ, ஒளிச்சு வெச்சியோ. சாம்பலைக் கொண்டுவந்து காட்டு, நம்புறேன்."

"பாக்க அழகாத்தானே இருக்கு?" என்றாள் அடுப்பருகில் நின்ற அவர் மனைவி. "எனக்கெல்லாம் நோய் வந்தா இப்படியா வருது, மூக்கு ஒழுகுது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, வழியிலேயே நின்றும் போனது. தங்கையின் வீடு இன்னும் பாக்கியிருந்தது.

தங்கைக்கு ஒரே மகள். வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். பள்ளியில் படிக்கும்போது எங்கிருந்தோ ஒரு கிழங்கைக் கொண்டுவந்து ஜன்னலுக்குக் கீழே புதைத்தாள். அது பக்கக் கிழங்கு விட்டு, அந்தக் கிழங்கு மறுபடி பக்கக் கிழங்கு விட்டு, சுவர் நீளத்துக்குச் சிவப்புப் பூப்பாத்தியாகிவிட்டது. கல்வாழை அப்படித்தான் பெருகும். எத்தனை தண்டு எழுந்தாலும் அத்தனையும் முதலில் புதைத்த அதே செடிதான். அந்த ரகம் விதையும் வைக்காது. மகள் போன பிறகு தங்கை வேலையை விட்டாள், மனிதர்களோடு பேசுவதை விட்டாள், அந்தப் பாத்தியை மட்டும் விடவில்லை. யாருக்கும் ஒரு துண்டு கொடுத்ததுமில்லை. பொன்கோட்டைப் பங்கு வைத்துக்கொண்டிருந்த நாட்களில், "நெருக்கிக்கிட்டு நிக்குதுடி, பிரிச்சு நட்டாத்தான் பூக்கும்" என்று மல்லுக்கு நின்று, அக்காதான் உட்கார்ந்து பிரித்து நட்டுக் கொடுத்தாள். அதே கத்திதான்.

தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். தலை சீவியிருந்தாள்.

"உன்னைத்தான் கூப்பிட இருந்தேன். கண்ணை மூடிக்கோ."

"எதுக்குடி?"

"மூடுன்னா மூடேன். எப்பவும் நீதான் எல்லாருக்கும் காட்டணுமா?"

கையைப் பிடித்து நடத்திப்போய்ப் பாத்தியின் முன்னால் நிறுத்தினாள். அக்கா கண்ணைத் திறந்தபோது, இலைக்கு இலை மஞ்சள் கோடுகள்.

"என் செடியும் மாறிடுச்சு பாத்தியா. இத்தனை நாள் கழிச்சு வாலு ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்குக்கா. சிரிக்காதே."

"சிரிக்கலை."

சுவரோரம் செய்தித்தாளில் சுற்றிய கிழங்குகள் வரிசையாக இருந்தன.

"எல்லாருக்கும் குடுக்கப் போறேன். அவகூடப் படிச்ச பொண்ணுங்களுக்கு, ரொட்டிக்கடைக்கு. நான் பூட்டி வெச்சது போதும். வீட்டுக்கு வீடு பூக்கட்டுமே."

அக்கா பாத்தியோரமாகக் குனிந்து நடந்தாள். ஒரு தண்டு, ஒரே ஒரு தண்டு சுத்தமாக இருந்தால் போதும். பாத்தியின் கடைக்கோடியில் ஒன்று முழுப் பச்சையாக நின்றது. அதன் குருத்தை மெல்ல விரித்து வெயிலுக்குக் காட்டினாள். மயிரிழை போல் மஞ்சள்.

"என்ன தேடுறே?"

"இது ரகம் இல்லடி. நோய்."

தங்கையின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. "சரி, மருந்து அடிக்கலாம்."

"மருந்து இல்லை."

"நல்லா இருக்கிற ஒரு துண்டை மட்டும் எடுத்து வேற எங்கயாச்சும் வெச்சா?"

"எல்லாத்துக்குள்ளயும் ஒரே சாறுதான் ஓடுது. நல்ல துண்டுன்னு ஒண்ணு இல்லை."

தங்கை ஓர் இலையின் கோட்டை விரலால் தடவினாள். "எப்படி வந்துச்சு?"

அசுவினிப் பூச்சியும் இதைப் பரப்பும். அப்படிச் சொல்லியிருக்கலாம். தங்கையும் நம்பியிருப்பாள்.

"என் கத்தியால."

தங்கை சுவரோரம் திரும்பினாள். போய்ச் செய்தித்தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கிழங்குகளை எடுத்துவந்து, தோண்டிய குழிகளிலேயே திரும்ப வைக்க ஆரம்பித்தாள்.

"வைக்காதேடி. விட்டா அக்கம்பக்கத்துக்கெல்லாம் போயிடும். எரிச்சுத்தான் ஆகணும்."

"அவளை ஒரு தடவை எரிச்சாச்சு."

அக்கா மண்டியிட்டு ஒரு கிழங்கை எடுக்கப் போனாள்.

"நீ தொடாதே."

கை பாதியிலேயே நின்றது. தங்கை அந்தக் கிழங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்: "அடுத்த பூ ஒழுங்கா வருமா?"

"வரலாம். அதுக்கடுத்தது சின்னதா வரும், இதழெல்லாம் கீறிக் கீறி. அப்புறம்..."

"அப்புறத்தை நான் கேக்கலை."

கிழங்கைச் சுற்றி உள்ளங்கையால் மண்ணை அழுத்தினாள். அடுத்த குழிக்கு நகர்ந்தாள்.