மூன்று விரல் இரும்பு

கீழ்வானின் செம்மை வெளிறி, புல்நுனிப் பனி உலர்ந்து, குன்றின் சரிவிலிருந்த ஓட்டுக்கூரைகள் ஒவ்வொன்றாய் வெயில் வாங்கிய காலைப்பொழுதில், சரிவின் அடியே பரந்துகிடந்த குறிசுடும் திடலில் வெடியோசை எழுந்தெழுந்து அடங்கியது. வேலியோரம் கைகட்டி நின்றவர், தமக்கு நிகரில்லை என்று ஊரார் சொல்லக் கேட்டுக் கேட்டுத் தாமும் அதை நம்பிவிட்ட துப்பாக்கிக் கம்மியர். திடலின் நடுவே குறிபார்த்து நின்றவள் அவர் மனைவி.

தோளில் அறுவை முடிந்து எட்டுத் திங்கள் கழித்து, பறக்கும் களிமண் வட்டுகளைச் சுட வந்திருந்தாள். அவளுடைய இரட்டைக்குழல் துப்பாக்கி முன்னே கனத்து இடக்கையை இழுப்பதறிந்த கம்மியர், அடிக்கட்டையின் பின்முனையைக் குடைந்து ஈயக்கட்டி செருகி, குழல்கள் மடங்கும் கீலாணிக்கு நேரே நூல்கட்டித் தொங்கவிட்டிருந்தார். முன்னும் சாயாமல் பின்னும் சாயாமல் அது நின்றதைக் கண்டு, வேலை முடிந்ததென்று கைகழுவி உண்ணப் போயிருந்தார்.

ஆயினும் என்ன, அன்று பறந்த ஐந்து வட்டுகளும் உடையாமலே தரைசேர்ந்தன. ஒவ்வொரு முறையும் ஈயக்குண்டுகள் வட்டின் பின்னேதான் பாய்ந்தன.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாத்தாங்க இருக்கு. என் கைதான் ஓஞ்சுபோச்சு. இதோட விட்டுடறேன்."

பத்தொன்பது ஆண்டு இல்வாழ்வில் அவள் பொய்யின் குரலை அவர் அறியாதவரல்லர். துப்பாக்கியை வாங்கித் தோளில் ஏற்றி, இல்லாத வட்டொன்றை இடமிருந்து வலமாகத் துரத்தினார். அது சோம்பி நகர்ந்தது, நிறுத்தியபின்னும் நகர்ந்தது. இருமுனையிலும் நீர்க்குடம் தொங்கும் கழியைத் தோளில் வைத்துத் திரும்புவதுபோலிருந்தது. நூல் சொன்னது பொய்யன்று. ஆனால் நூல் துப்பாக்கியை அசைத்துப் பார்ப்பதில்லையே.

"ஏன் சொல்லல?"

"நாலு நாள் உக்காந்து செஞ்சீங்க. எப்படிச் சொல்றது?"

பட்டறையில் ஈயத்தைப் பெயர்த்தெடுத்தார். இனி முன்கனம் குறையவேண்டுமெனில் குழல்முனையில் மூன்று விரல் அகலம் அறுக்கவேண்டும். அம்முனையிலோ, குண்டுகள் சிதறாதிருக்க அவர் ஆறு திங்கள் அரத்தால் அரவி அரவி அமைத்த, குழல்வாய் உள்ளே குறுகும் நெருக்கம் இருந்தது. அவர் பெயரை ஊரறியச் செய்தது அதுவே. இரும்பறுக்கும் வாளைக் கையிலெடுத்தவர் அம்முனையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அது போயிடுமேங்க," என்றாள் அவள்.

"போகட்டும். வட்டு கிட்டதான பறக்குது, கொஞ்சம் சிதறினா நல்லதுதான். நீ விட்டுட்டா இத வெச்சுகிட்டு நான் என்ன பண்ண?"

அறுத்தார், அறுக்கையில் கண் கலங்கியதை இரும்புத்தூளின்மேல் பழிபோட்டார். முனையை அரவித் தேய்த்து, ஏற்றி இறக்கிப் பார்க்கும் வேலையை இம்முறை அவள் கைகளிடமே விட்டார்.

மூன்றாம் நாள் திடலில் முதல் வட்டு தூளாயிற்று. அடுத்ததும் தூளாயிற்று. மூன்றாவது தப்பிப் புல்லில் உருண்டது. கம்மியர் முகம் சுருங்க, அவள் திரும்பிச் சிரித்தாள்.

"இது என் அவசரங்க. துப்பாக்கி சரியாத்தான் போச்சு."

அச்சொல்லில் ஒப்புக்குச் சொன்னது எள்ளளவும் இல்லையென்று அவர் செவி தெளிந்தது. வாழ்நாளெல்லாம் கேட்ட புகழுரைகளில் எதுவும் அவரை அவ்வளவு ஆற்றியதில்லை.