வீட்டுக்குள் நடந்த வகுப்பு

முத்தலிப் சேர் தன் போனை மேசையில் வைத்து விரலால் தட்டினார். அதற்குள் இருந்து பஸ்மியாவின் குரல் வந்தது.

"இப்ப எட்டில் மூண்டையும் எட்டில் ரெண்டையும் கூட்டப்போறம். கீழ இருக்கிற எண்ணைப் பாருங்க மகள், ரெண்டுலயும் எட்டுத்தான்…"

தன் வீட்டு மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த பஸ்மியா நிமிரவில்லை. அந்தக் குரல் தன்னுடையதல்ல என்று சாதிக்க வழியில்லை. பதினான்கு வருடம் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பித்த குரல் அது. திருகோணமலையில் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

"கிண்ணியாவில இருந்து எனக்கு வந்திருக்கு. புல்மோட்டையிலயும் ஓடுதாம்," என்றார் சேர். அவர் ஆசிரியர் சங்கத்தின் மாவட்டத் தலைவர். "மொத்தம் பதினொரு பாடம். இது என்ன கதை, செயலாளர்?"

நேற்றுவரை அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்ட வாய் அது.

கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டி, பாடமெல்லாம் போனில் நடந்துகொண்டிருந்த காலம். சம்பள முரண்பாட்டைத் தீர்க்கும்வரை போனிலும் படிப்பிப்பதில்லை என்று சங்கங்கள் அறிவித்து இரண்டு மாதமாகியிருந்தது. கேட்டது நியாயம்தான். இருபது வருடத்துக்கு மேலாக மாறி மாறி வந்த அரசாங்கங்கள் தட்டிக்கழித்த கோரிக்கை. வலயச் செயலாளரான பஸ்மியாதான் ஒவ்வொரு ஆசிரியரோடும் பேசி, அவர்களை வகுப்புக் குழுக்களில் இருந்து விலகவைத்தாள். விலகாதவர்களைச் சும்மா விடவுமில்லை.

அப்படிச் சும்மா விடப்படாத ஒருத்தி இப்போது கதவோரக் கதிரையில் இருந்தாள். நிப்லா, உப்புவெளியில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கும் புது ரீச்சர். ஏழு பிள்ளைகளுக்குக் களவாகப் பாடம் அனுப்பினாள் என்று, இருநூறு பேர் இருக்கிற சங்கக் குழுவில் அவளை மன்னிப்புக் கேட்கவைத்தவள் பஸ்மியா. கருங்காலி என்று எழுதியதும் அவளேதான். முத்தலிப் சேர் இன்று அந்த நிப்லாவையே சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தார். மனுசன் லேசுப்பட்டவர் இல்லை.

ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்? பஸ்மியாவின் மகள் அசனாவுக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை வரப்போகிறது. வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால் பெரிய பள்ளிக்கூடமாகப் பார்த்துத் தெரிவுசெய்யலாம். ஒரு புள்ளி குறைந்தாலும் இருக்கிற இடமே கதி. பகல் முழுக்கச் சங்க வேலை என்பதால் பஸ்மியா காலையிலேயே குசினி அடுப்படியில் நின்று பாடத்தைப் பதிந்து, கணவன் றுவைஸின் போனுக்கு அனுப்பிவிடுவாள். துறைமுகத்தில் சீமெந்து மூட்டை இறக்கிவிட்டு அவன் பின்னேரம் வந்ததும் மகள் அதைக் கேட்டுக் கணக்குச் செய்வாள். பெற்ற பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுப்பது பகிஷ்கரிப்பை முறிப்பதாகாது என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பாடம் வீட்டை விட்டு எப்படிப் போனது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

குசினி வாசலில் நின்ற றுவைஸ் தொண்டையைச் செருமினான்.

"நான்தான் சேர் குடுத்தனான்."

பஸ்மியா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வேறு நாளென்றால் அவன் வெளியே போயிருப்பான். இன்று நின்றான்.

"பகல் சோத்துக்கு இருக்கக்குள்ள மகள்ட பாடத்தப் போட்டுக் கேட்டனான். பக்கத்துல இருந்தவங்க சத்தத்தக் கூட்டச் சொன்னாங்க. அவங்கட பிள்ளையளும் அஞ்சாம் வகுப்புத்தானே. அடுத்த நாள் கொப்பியும் கொண்டு வந்திட்டாங்க. பத்துப் பன்ரெண்டு பேர் மூட்டைக்கு மேல இருந்து பின்னம் எழுதுறாங்க சேர். எழுத ஏலாதவன் போன்ல ஏத்திக்கிட்டுப் போறான்."

"என்னட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்றாள் பஸ்மியா.

"சொன்னா நீ நிப்பாட்டியிருப்பாய்."

முத்தலிப் சேர் கையை உயர்த்தினார்.

"சரி, நடந்தது நடந்து போச்சு. இது போன வருசம் பதிஞ்ச பாடம், ஆரோ பழசத் தூக்கிப் போட்டிருக்காங்க எண்டு நான் அறிக்கை விடுறன். நீங்க ஓம் எண்டு மட்டும் சொல்லுங்க. இல்லாட்டி, செயலாளரே படிப்பிக்கிறா, நமக்கென்ன எண்டு நாளைக்கே எல்லாரும் தொடங்கிடுவாங்க. ரெண்டு மாசப் பாடும் மண்ணாப் போகும். உங்கட பேரும் போகும்."

ஓம் என்று சொல்ல பஸ்மியாவின் வாய் திறந்தேவிட்டது. ஒரேயொரு சொல். ஊரில் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

"பதினோராவதை முழுசாக் கேட்டீங்களா சேர்?" என்றாள் நிப்லா. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. "கடைசி அரை நிமிசத்தப் போடுங்க."

அந்த அரை நிமிடத்தில் என்ன இருக்கிறது என்பது பஸ்மியாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று கையை நீட்டினாள். அதற்குள் சேர் தட்டிவிட்டார்.

"…இதை உங்கட கூட்டாளிமாருக்குச் சொல்லிப்போடாதீங்க மகள். ஸ்ட்ரைக் முடியுமட்டும் அவங்களுக்கு ஆரும் படிப்பிக்க மாட்டாங்க. அதுக்குள்ள நீங்க முன்னுக்குப் போயிடலாம். இது உங்களுக்கு மட்டும்தான்."

சேர் போனைக் கவிழ்த்து வைத்தார். போன வருடத்துப் பாடம் என்ற கதை அந்த இடத்திலேயே செத்துப்போனது.

பஸ்மியாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதைத் தன் பிள்ளையிடம் சொல்லும்போது ஒரு தாயின் புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது. நாலு பேர் முன்னால் கேட்கும்போது கூசியது.

"இதைத் துறைமுகத்தில எல்லாரும் கேட்டாங்களா?" என்று றுவைஸிடம் கேட்டாள்.

"ஓம்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்டும் சொல்லல்ல. சாப்பிட்டாங்க." அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பேந்து அன்புவழிபுரத்துத் திலக்சன் கேட்டான், அந்த இடம் எத்தினையாவது நிமிசத்தில வருகுதெண்டு. எல்லாரும் கொப்பியில குறிச்சுக்கிட்டாங்க. பிள்ளைக்குப் போடக்குள்ள அதுக்கு முன்னுக்கே நிப்பாட்டிப்போடுறாங்களாம். பிள்ளையளுக்கு ரீச்சரில மரியாதை போயிடக்கூடாதாம்."

திட்டியிருந்தால் பஸ்மியா தாங்கியிருப்பாள். திருப்பியும் திட்டியிருப்பாள். முகம் தெரியாத பத்துப் பன்னிரண்டு தகப்பன்மார், தங்கள் பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளப் பார்த்த ஒருத்தியின் மானத்தைக் கவனமாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதைத் துடைக்காமலே போனை எடுத்து, சங்கக் குழுவைத் திறந்து எழுதத் தொடங்கினாள்.

"என்ன எழுதுறீங்க?" சேர் எழும்பினார்.

"குரல் என்ட. பதிஞ்சது இந்த மாசம். நிப்லாட்ட மன்னிப்புக் கேக்கிறன். பதவிய விடுறன்."

"அனுப்பினா போராட்டம் உடையும். யோசிச்சுச் செய்யுங்க தங்கச்சி."

"கோரிக்கை நியாயம் சேர். பொய் சொல்லித்தான் அதைக் காப்பாத்தோணுமெண்டா என்னால ஏலாது."

அனுப்பினாள். சேர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். நிப்லா அவர் பின்னால் போகவில்லை.

"என்ட ஏழு பிள்ளையளும் நீங்க மன்னிப்புக் கேக்கவெச்ச அண்டையில இருந்து பாடமில்லாம இருக்குதுகள் ரீச்சர்," என்றாள். குரலில் இளக்கம் இல்லை. "இந்தப் பதினொண்டையும் அதுகளுக்கு அனுப்பட்டா?"

"அனுப்புங்க."

"அந்தக் கடைசி அரை நிமிசம்? வெட்டிப்போட்டு அனுப்பவா?"

பஸ்மியா தன் போனை மேசையில் வைத்தாள்.

"வெட்டாதீங்க," என்றாள். "பாடத்த நிப்பாட்டினது நீங்க இல்ல, இந்தக் குரல்தான் எண்டு அதுகளுக்குத் தெரியோணும்."